பதில் வந்தது, எந்தக் கேள்விக்கு? நிரல்களின் இருவழிப் பேச்சும் ஆய்வுக்கூடங்கள் கற்பிக்காத பாடமும்

பல்கலைக்கழகக் கணினித் தொகுதி ஒன்றின் பணிவரிசையில் ஒரு வேலை இரண்டு நாட்களாக ‘இயங்குகிறது’ என்றே காட்டப்படுகிறது. வெளியீட்டுக் கோப்பைத் திறந்தால் காலியாக இருக்கிறது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. செயலியின் பயன்பாடு சுழியம். வேலையை அனுப்பிய மாணவி மொழியியல் துறையைச் சேர்ந்தவர். நூறு மராத்தி வாக்கியங்களைக் கொடுத்துச் சோதித்தபோது அதே ஸ்கிரிப்ட் சில நொடிகளில் ஒழுங்காக முடிந்தது. முழுத் தொகுப்பையும் கொடுத்தவுடன் உறைந்துவிட்டது. ‘நேர வரம்பைக் கூட்டிப் பாருங்கள்’ என்கிறார் ஒருவர். ‘நடுவில் இரண்டு நொடி ஸ்லீப் போடுங்கள்’ என்கிறார் இன்னொருவர். இரண்டுமே பலிப்பதில்லை. துறையும் கருவியும் மாறலாம். இந்தக் காட்சி இந்திய ஆய்வுக்கூடங்களுக்குப் புதியதன்று.

அந்த ஸ்கிரிப்டில் நடப்பது இவ்வளவுதான். பைத்தானில் எழுதப்பட்ட நிரல், சப்பிராசஸ் என்னும் நிரல் நூலகத்தின் துணையோடு, சொற்பகுப்புக் கருவி ஒன்றைத் தொடங்கிவைக்கிறது. தொடங்கிவைத்தது தாய்ச் செயல்முறை. தொடங்கப்பட்டது சேய்ச் செயல்முறை. தாய் வாக்கியங்களை அனுப்ப ஒரு குழாய். சேய் பகுப்பைத் திருப்பி அனுப்ப இன்னொரு குழாய். பார்வைக்கு இது ஓர் எளிய உரையாடல். ஆனால் உரையாடல் என்றால் யார் எப்போது பேசுவது, ஒரு பேச்சு எங்கே முடிகிறது, எப்போது விடைபெறுவது என்ற உடன்பாடு வேண்டும். குழாய்கள் அந்த உடன்பாட்டைத் தருவதில்லை. பைட்டுகளை மட்டுமே கடத்துகின்றன. ஆய்வு நிரல்களில் இருவழித் தொடர்பு அடிக்கடி குலைவதற்கு வேர் இங்கேதான் உள்ளது. இது நிரல் நூலகத்தின் குறை என்பதைவிட, எழுதப்படாத ஓர் ஒப்பந்தத்தின் குறை என்பதே பொருந்தும்.

குழாயின் பிறப்பை நினைவுகூர்ந்தால் இது தெளிவாகும். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964-இல் எழுதிய குறிப்பொன்றில், தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகளைத் திருகி இணைப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்றார். 1973-இல் கென் தாம்சன் யூனிக்ஸில் அதை நிறைவேற்றினார். நீர் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறும், திரும்பி வராது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும் அந்த ஒருவழி ஓட்டம் அரை நூற்றாண்டாக உலகெங்கும் தடையின்றி நடக்கிறது. இரண்டு குழாய்களை எதிரெதிர்த் திசையில் வைத்து வளையமாக்கும்போதுதான் அதன் இயல்பு மாறுகிறது. நேர்கோட்டில் அடைப்பு ஏற்பட்டால், கடைசியில் இருப்பவர் எடுக்க எடுக்க அது தானே நீங்கும். வளையத்தில் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருக்க முடியும். அந்தக் காத்திருப்பைக் கலைக்க வெளியாள் எவரும் இல்லை.

இருவழித் தொடர்பு உறைந்துபோவதற்கு மூன்று காரணங்கள் பொதுவானவை.

முதலாவது, குழாய் நிரம்புதல். லினக்ஸில் ஒரு குழாயின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். அது நிரம்பியபின் எழுத முயலும் நிரலைக் கெர்னல் உறங்க வைத்துவிடும். மறுமுனையில் யாராவது படித்தால்தான் எழுப்பும். அந்த மாணவியின் ஸ்கிரிப்ட் எல்லா வாக்கியங்களையும் எழுதி முடித்தபின் விடைகளைப் படிக்கலாம் என்று காத்திருக்கிறது. சேயோ வாக்கியங்களைப் பகுத்து விடைகளை உடனுக்குடன் அனுப்புகிறது. தாய் படிக்காததால் விடைக்குழாய் நிரம்புகிறது, சேய் உறங்குகிறது. சேய் படிக்காததால் வினாக்குழாயும் நிரம்புகிறது, தாயும் உறங்குகிறது. இருவரும் எழுதிக்கொண்டே உறைந்து நிற்கிறார்கள். இதுவே டெட்லாக். நூறு வாக்கியங்கள் குழாய்க்குள் அடங்கின. ஆகவே சோதனை வென்றது. ஆங்கிலத் தரவில் ஓடிய ஸ்கிரிப்ட் இந்திய மொழித் தரவில் நிற்பதற்கும் இதில் விளக்கம் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அடிப்படை ஆங்கில எழுத்து ஒரு பைட். தேவநாகரி, வங்காளம், தமிழ் முதலிய எழுத்துமுறைகளில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட். ‘கி’ என்னும் ஓரெழுத்தே இரண்டு புள்ளிகள், ஆறு பைட். அதே குழாய் இந்திய மொழிகளுக்கு மூன்று மடங்கு விரைவாக நிரம்பும். ஏறத்தாழ 21,800 புள்ளிகளோடு அதன் கொள்ளளவு முடிந்துவிடும்.

பிழை வெளியீட்டுக்கென மூன்றாவது குழாய் ஒன்றை வைத்துவிட்டு அதைப் படிக்க மறந்தாலும் இதே கதிதான். ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றச் செய்திகளைப் பிழை வெளியீட்டில்தான் எழுதும். குறுங்கோப்புகளில் சிக்கல் தெரியாது. ஒரு மணிநேர ஒலிப்பதிவில் குழாய் நிரம்பிக் கருவி நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, பதில் சேயின் கைக்குள்ளேயே தங்கிவிடுதல். சி மொழியின் உள்ளீடு-வெளியீட்டு நூலகம், எதிரே டெர்மினல் இருந்தால் ஒவ்வொரு வரி முடிந்ததும் வெளியே அனுப்பும். எதிரே குழாய் இருந்தால், தன் பஃபரில் சில ஆயிரம் பைட் சேரும்வரை எதையும் வெளியிடாது. மனிதர் முன்னே உடனே பதில் சொல்லும் கருவி, இன்னொரு நிரலின் முன்னே வாய் திறவாதிருப்பது இதனால்தான். தாய் ஒரு வாக்கியம் அனுப்பி விடைக்குக் காத்திருக்கிறது. சேய் விடையைக் கண்டுபிடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறது. குழாய்கள் இரண்டும் காலி, ஆனாலும் உறைநிலை. தாயின் பக்கமும் இத்தகைய பஃபர் உண்டு. எழுதியபின் ஃபிளஷ் செய்யாவிட்டால் கேள்வியே சேயைச் சென்றடையாது.

மூன்றாவது, முடிவு தெரியாமை. உள்ளீடு தீர்ந்தது என்பதை, எழுதும் முனை மூடப்பட்டதைக் கொண்டே சேய் அறியும். அந்த முனையின் பிரதி வேறெவரிடமாவது திறந்திருந்தால், தாய் மூடியும் பயனில்லை. இடையில் பிறந்த இன்னொரு சேய் அந்த முனையைத் தன்னை அறியாமலேயே மரபாகப் பெற்று வைத்திருக்கக்கூடும். பைத்தான் மொழியே இதை நெடுங்காலம் கழித்துத்தான் சரிசெய்தது. தேவையற்ற முனைகளைச் சேயில் மூடிவிடுவது 3.2 பதிப்பில் இயல்பானது. முனைகள் மரபாகச் செல்லாதிருப்பதே இயல்பு என்பது 3.4 பதிப்பில் வந்தது. பழைய பதிப்புகள் ஓடும் கணினிகளில் இந்தப் பேய் இன்னும் உலவலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் உறைநிலைகள். உறைநிலை எரிச்சலூட்டும், ஆனால் பொய் சொல்லாது. வேலை நடக்கவில்லை என்பது இரண்டு நாள் கழித்தாவது தெரிந்துவிடும். ஆய்வுக்கு உண்மையான ஆபத்து நான்காவது வகையில் உள்ளது. அதற்குப் பெரும்பாலும் வழிவகுப்பது, உறைநிலையைத் தவிர்க்க அவசரமாக ஒட்டப்படும் ஒட்டுதான்.

அந்த மாணவி ஸ்கிரிப்டை மாற்றுகிறார் எனக் கொள்ளலாம். கருவியை வரிக்கு வரி ஃபிளஷ் செய்ய வைத்து, ஒரு வாக்கியம் அனுப்பி ஒரு விடை படிக்கும்படி அமைக்கிறார். மீண்டும் உறையாதிருக்க, ஐந்து நொடிக்குள் விடை வராவிட்டால் ‘விடை இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குச் செல்லும்படி எழுதுகிறார். 412-ஆம் வாக்கியம் நீளமானது. கருவிக்கு ஏழு நொடி தேவைப்படுகிறது. தாய் ஐந்தாம் நொடியில் கைவிட்டு 413-ஐ அனுப்புகிறது. இரண்டு நொடி கழித்து 412-க்கான விடை வந்து சேர்கிறது. தாய் அதை 413-இன் விடையாகப் பதிவுசெய்கிறது. 413-இன் விடை 414-க்குப் போகிறது. அங்கிருந்து கடைசி வாக்கியம் வரை எல்லா விடைகளும் ஓரிடம் தள்ளி அமர்கின்றன. பிழைச்செய்தி கிடையாது. வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே காட்டப்படும்.

இதைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. எத்தனை பெயர்ச்சொல், எத்தனை வினைச்சொல் என்ற எண்ணிக்கை அட்டவணை ஏறத்தாழ மாறாமலே இருக்கும். விடைகள் இடம் மாறினவே தவிரக் காணாமற்போகவில்லை. சராசரிகளும் வரைபடங்களும் நம்பத்தக்கவையாகவே தோன்றும். வாக்கியத்துக்கும் விடைக்கும் உள்ள இணைப்பு மட்டுமே சிதைந்திருக்கும். பின்பு துல்லியத்தை அளக்கும்போது மதிப்பு வீழ்ந்து கிடக்கும். ‘இந்தக் கருவி மராத்திக்குப் பொருந்தவில்லை’ என்று ஆய்வேட்டில் ஒரு முடிவு எழுதப்படும். கருவி குற்றமற்றது, மொழியும் குற்றமற்றது, குற்றம் இரண்டு குழாய்களுக்கு இடையே நடந்தது. நெறியாளரோ தேர்வாளரோ அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பகுப்புகள் இருப்பதால் இரண்டு வரி எழுதும் கருவியும், தொடக்கத்தில் ஒரு வரவேற்பு வரி அச்சிடும் கருவியும், நடுவே ஓர் எச்சரிக்கையை வெளியிடும் கருவியும் இதே இடப்பிறழ்ச்சியை உண்டாக்க வல்லவை.

இத்தகைய பிழைக்கு மாணவரைக் குறைசொல்வது நியாயமன்று. அவருக்கு எது கற்பிக்கப்பட்டது என்பதே கேட்கத்தக்கது.

கணினி அறிவியல் படித்தவருக்கு டெட்லாக் என்ற சொல் புதிதில்லை. கேட் தேர்வின் பாடத்திட்டத்தில் செயல்முறைகளுக்கு இடையேயான தொடர்பும் டெட்லாக்கும் இடம்பெறுகின்றன. காஃப்மனும் உடனாய்வாளர்களும் 1971-இல் வகுத்த நான்கு நிபந்தனைகளை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். டைக்ஸ்ட்ராவின் உணவுமேசைத் தத்துவஞானிகள் ஐவரையும் ஆண்டுதோறும் தேர்வுத்தாளில் பட்டினி போடுகிறோம் என்பதே ஆசிரியர்களிடையே பழகிப்போன வேடிக்கை. ஆனால் அந்தத் தத்துவஞானிகள் தம் பத்து வரி ஸ்கிரிப்டுக்குள் வந்து அமர்ந்திருப்பதை அதே மாணவர்கள் அடையாளம் காண்பதில்லை. பாடத்தில் வரும் டெட்லாக்கில் பூட்டுகளும் வளங்களும் உண்டு. வாழ்க்கையில் வரும் டெட்லாக்கில் ரைட் என்றும் ரீட் என்றும் இரண்டு சாதுவான வரிகள் மட்டுமே உள்ளன. கோட்பாடும் நிகழ்வும் ஒன்றே என்று காட்டும் ஒரு மணிநேர ஆய்வக வகுப்பு பல இடங்களில் நடப்பதில்லை.

பிற துறையினர் நிலை இன்னும் கடினம். மொழியியலாளர், உயிரியலாளர், வேதியியலாளர், பொருளியலாளர் என எல்லோரும் இன்று ஸ்கிரிப்ட் எழுதுகிறார்கள். ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொன்றுக்கு ஊட்டுகிறார்கள். இயங்குதளம் பற்றிய பாடம் அவர்கள் வழியில் வருவதே இல்லை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் கட்டாயமாக்கியது. தரவைத் திரிப்பது தவறு என்று அது சரியாகவே கற்பிக்கிறது. எவரும் திரிக்காமலேயே தரவு திரிந்துபோகும் வழிகளைக் கற்பிக்க அதற்கு இணையான இடம் பாடத்திட்டத்தில் இல்லை. நேர்மையான ஆய்வாளர் நேர்மையாகவே பிழையான அட்டவணையை அச்சிட முடியும் என்பதும் ஆய்வறத்தைச் சார்ந்த செய்திதான்.

இதற்கு மறுப்பாக இரண்டு வாதங்கள் வழக்கமாக எழும். இரண்டிலும் பாதி உண்மை உண்டு.

முதல் வாதம்: நிரல் நூலகம் இதற்குத் தீர்வு தந்துவிட்டது; கம்யூனிகேட் என்னும் செயற்கூறைப் பயன்படுத்தினால் போதும். 2004-இல் வெளியான பைத்தான் 2.4-இல் சப்பிராசஸ் சேர்க்கப்பட்டது முதல் அந்த வசதி உள்ளது. நேரடியாக எழுதுவதையும் படிப்பதையும் தவிர்த்து இதையே கையாளுமாறு அதிகாரபூர்வ ஆவணமும் அறிவுறுத்துகிறது. அது எழுதிக்கொண்டே படிக்கும். ஆகவே குழாய் நிரம்பிய உறைநிலை வராது. மாணவியின் முதல் ஸ்கிரிப்டுக்கு அதுவே மருந்து. ஆனால் கம்யூனிகேட் என்பது பெயரளவில்தான் உரையாடல்; உண்மையில் அது ஒரு கடிதம். எல்லாவற்றையும் ஒரே முறையில் அனுப்பி, அனுப்பும் முனையை மூடி, சேய் முடியும்வரை காத்திருந்து, முழு விடையையும் நினைவகத்தில் சேர்த்துத் தருகிறது. இரண்டாவது கேள்வி கேட்க அதில் இடமில்லை. பெரிய வெளியீடு என்றால் நினைவகமும் தாங்காது.

இரண்டாம் வாதம்: அப்படியானால் இருவழித் தொடர்பே வேண்டாம், கோப்பில் எழுதி, கருவியை ஓட்டி, கோப்பிலிருந்து படிக்கலாமே. இது மிக நல்ல அறிவுரை. பெரும்பாலான ஆய்வு வேலைகளுக்கு இதுவே போதும். கோப்பு நிரம்பி உறைவதில்லை, வேலை முடிந்தபின்னும் சான்றாக நிற்கிறது, இன்னொருவர் சரிபார்க்கலாம். இருவழிப் பேச்சை நாடுவதற்குமுன் ‘இது கடிதத்தால் முடியாதா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் நல்ல வழக்கம்.

ஆயினும் கடிதம் போதாத இடங்கள் உண்டு. அடுத்த கேள்வி முந்தைய விடையைப் பொறுத்து அமையும்போது உரையாடலே வழி. குறியீட்டுக் கணித மென்பொருள், நிறுவல் உதவிக் கருவி, சதுரங்க எந்திரம் ஆகியவற்றோடு பேசுவது அத்தகையது. தேவை எழும்போதெல்லாம் கருவியைப் புதிதாகத் தொடங்குவதும் கட்டுப்படியாகாது. அகராதியை நினைவகத்தில் ஏற்ற மூன்று நொடி எடுக்கும் கருவியை ஒரு லட்சம் வாக்கியங்களுக்கு ஒரு லட்சம் முறை தொடங்கினால், தொடங்குவதற்கே 83 மணிநேரம், அதாவது ஏறக்குறைய மூன்றரை நாள் செலவாகும். பொதுக் கணினித் தொகுதியில் வீணாகும் ஒவ்வொரு மணியும் வரிசையில் நிற்கும் இன்னோர் ஆய்வாளருடையது.

அத்தகைய இடங்களில் வென்றவர்கள் எப்படி வென்றார்கள் என்பதைக் கவனித்தால் பாடம் கிடைக்கும்.

சதுரங்க எந்திரங்கள் நல்ல சான்று. 2000-இல் உருவான யூசிஐ நெறிமுறையின்படி, இடைமுகம் தாயாகவும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற எந்திரம் சேயாகவும் இயல்பான குழாய்கள் வழியே பேசிக்கொள்கின்றன. ‘இஸ்ரெடி’ என்று தாய் கேட்டால், எந்திரம் சிந்தனையில் மூழ்கியிருந்தாலும் ‘ரெடிஓகே’ என்று பதிலளித்தாக வேண்டும். சிந்தனையின் நடுவே எத்தனை செய்தி வரிகள் வந்தாலும், ‘பெஸ்ட்மூவ்’ என்று தொடங்கும் வரியே முடிவு. யார் எழுதிய இடைமுகமும் யார் எழுதிய எந்திரமும் சேர்ந்து இயங்குவதற்கு இந்தச் சில விதிகளே காரணம். குழாயில் எந்த மாயமும் இல்லை.

கிட் மென்பொருளின் கேட்-ஃபைல் கட்டளை தொகுதி முறையில் ஓடும்போது, கேட்ட பொருளின் அடையாளத்தையும் வகையையும் பைட் அளவையும் முதலில் ஒரு வரியில் சொல்லிவிட்டே உள்ளடக்கத்தைத் தருகிறது. படிப்பவர் எங்கே நிறுத்துவது என்று ஊகிக்க வேண்டியதில்லை. 2016-இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மொழிச் சேவையக நெறிமுறை இன்னொரு படி மேலே செல்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னே அதன் நீளம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண். விடையிலும் அதே எண். 412-இன் விடை எவ்வளவு தாமதமாக வந்தாலும் 413-இன் இடத்தில் அமர முடியாது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: நீளம் என்பது பைட்டில் எண்ணப்படுவது, எழுத்தில் அன்று. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு தெரியாது. இந்திய மொழிகளில் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். மொழியியலாளர்களுக்கு நெருக்கமான அபெர்டியம் கருவித்தொகுதியிலும் இந்தச் சிந்தனை உண்டு: அதன் சொற்பகுப்பு நிரலுக்குச் சுழியக் குறியீடு ஒன்றை அனுப்பினால், அதுவரை சேர்ந்த விடையை ஃபிளஷ் செய்யும்படி அமைக்கலாம்.

மாறான வழியும் உண்டு. சேய்க்கு எதிரே டெர்மினல் இருப்பதுபோல நடித்து, மனிதர் தட்டச்சு செய்வதுபோல அதனோடு பேசுவது. டான் லைப்ஸ் 1990-இல் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் இந்தக் கலையைப் பரவலாக்கியது. பைத்தானில் பிஎக்ஸ்பெக்ட் அதன் வழிவந்தது. மாற்றமுடியாத பழைய கருவிகளுக்கு இது அரிய துணை. சேஜ்மேத் என்னும் கணித மென்பொருள் தொடக்கத்தில் மேக்சிமா, கேப் முதலிய அமைப்புகளோடு இவ்வாறே பேசியது. ஆனால் மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்ட உரையை நிரல் படிக்கும்போது, எதிரொலிக்கும் உள்ளீடு, மடங்கிய வரிகள், வண்ணக் குறிகள், நடுவே கேட்கப்படும் எதிர்பாராத கேள்வி என ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. பின்னர் அந்த மென்பொருளே முக்கியமான சில அமைப்புகளை நிரல் நூலகங்களாக நேரடியாக இணைத்துக்கொண்டது. நடிப்பு இடைக்கால ஏற்பாடு, ஒப்பந்தமே நிலையானது.

இவற்றிலிருந்து ஆய்வுக்கூடங்கள் மேற்கொள்ளத்தக்க நடைமுறைகள் சில உண்டு. எதற்கும் தனி நிதியோ குழுவோ தேவையில்லை.

ஒன்று, முதலாண்டு ஆய்வாளர்கள் அனைவருக்கும், துறை எதுவாயினும், ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்பு. கேட் என்னும் எளிய யூனிக்ஸ் கட்டளையைச் சேயாகத் தொடங்கி, விடையைப் படிக்காமல் பத்து லட்சம் பைட் எழுதச் சொன்னால், அவர்கள் கண்முன்னே ஸ்கிரிப்ட் உறையும். எஸ்டிரேஸ் கருவியால் பார்த்தால் தாயும் ரைட் அழைப்பில் நிற்கிறது, சேயும் ரைட் அழைப்பில் நிற்கிறது என்பது தெரியும். தன் கையால் ஒருமுறை உருவாக்கிய டெட்லாக்கை ஒருவர் வாழ்நாளில் மறப்பதில்லை.

இரண்டு, ஸ்லீப் என்பதை மருந்தாகக் கருதும் வழக்கத்தை விடுவது. காத்திருக்கும் நேரம் ஒப்பந்தத்தின் இடத்தை நிரப்பாது. நேரவரம்பு தேவைதான், ஆனால் அது கடந்துவிட்டால், அந்தச் சேயைக் கொன்று புதிதாகத் தொடங்குவதே முறை. பாதியில் நின்ற உரையாடலை அதே குழாயில் தொடர்வது 412-ஐ 413 ஆக்கும் செயல்.

மூன்று, கருவி எழுதுவோருக்கு ஒரு கடமை. இந்திய மொழிகளுக்கான பகுப்பிகளும் மொழிபெயர்ப்பிகளும் பெரும்பாலும் மாணவர்களின் ஆய்வேடுகளிலிருந்தே பிறக்கின்றன. அவை வெளிவரும்போது, ஒரு கேள்விக்கு ஒரு விடை, விடையோடு கேள்வியின் எண், தெளிவான முடிவுக்குறி, ஒவ்வொரு விடைக்கும் ஃபிளஷ், எச்சரிக்கைகள் பிழை வெளியீட்டில் மட்டும் என்ற ஐந்தும் இருந்தால், பின்வரும் ஆய்வாளர்கள் பலரின் நாட்கள் மிஞ்சும்.

நான்கு, ஆய்வேட்டின் முறையியல் இயலில் ஒரு பத்தி. வெளிநிரல் எந்தப் பதிப்பு, எப்படி அழைக்கப்பட்டது, கேள்வியும் விடையும் பொருந்துவது எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று அதில் எழுதவேண்டும். சரிபார்ப்பு கடினமன்று. விடை முன்பே தெரிந்த வாக்கியங்களை ஆயிரத்துக்கு ஒன்றாக நடுவே தூவி, அவற்றின் விடைகள் உரிய இடத்தில் வந்தனவா என்று பார்த்தாலே இடப்பிறழ்ச்சி வெளிப்பட்டுவிடும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், வழக்கம் தானே வேரூன்றும்.

தேசிய மீக்கணினி இயக்கம் 2015-இல் தொடங்கப்பட்டபின், 2019-இல் வாரணாசியில் நிறுவப்பட்ட பரம் சிவாய் முதலாகப் பல கல்வி நிறுவனங்களுக்கு உயர்திறன் கணினிகள் வந்துள்ளன. அவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பிறழ்ந்து அமர்ந்த ஒரு விடையை அதிவேகக் கணினி அதிவேகமாக ஒரு லட்சம் முறை பெருக்கித் தருமே தவிர, திருத்தித் தராது. வன்பொருளுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பிற்பகலேனும் நிரல்களின் பேச்சொழுங்குக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

அந்த மாணவியின் வேலை உறைந்து நின்றது அவருக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். நின்றதால்தான் அவர் கேள்வி கேட்டார். நிற்காமல் ஓடி முடிந்த எத்தனையோ ஸ்கிரிப்டுகளின் அட்டவணைகள் ஆய்வேடுகளில் கட்டமைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் எந்த விடை எந்தக் கேள்விக்குரியது என்று எவரும் கேட்டதில்லை. அடுத்த ஆய்வேட்டிலாவது அது கேட்கப்பட வேண்டும்.